கண்டென்சருக்குக் காட்டிய ஊதுபத்தி

நாங்கள் சைவக் குடும்பம். முட்டையைக் கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்ட நான் அமெரிக்காவில் எட்டு வருடம் அழுகிய முட்டை நாற்றத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஃப்ரீமான்ட் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதே என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, யூ ஸ்மெல்!” என்று கத்துவாள். குளித்துத் திருநீறு பூசும்வரை மனைவி என்னைச் சாமி அறைப் பக்கம் விடமாட்டாள். எல்லாம் என் உத்தியோகம் தந்த வாசனை.

உத்தியோகம் வடக்கே மலைமேல். திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி மூன்று மணி நேரம் ஓட்டிப் போக வேண்டும்; திங்கள் முதல் வியாழன்வரை அங்கேயே தங்கல். அங்கே பூமிக்கு அடியில் பாறை கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆழக் குழாய் இறக்கினால் நீராவி பீறிட்டு வரும். அதைக் கொண்டுபோய் டர்பைனில் விட்டால் கரண்ட். கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பகவான் தானே அடுப்பு மூட்டி, தானே தண்ணீரும் ஊற்றி வைத்திருக்கிறார். அந்த அடுப்புக்கும் ஓர் ஆபீஸ் கட்டி, மானேஜர் போட்டு, கார் நிறுத்த அவருக்குத் தனி இடமும் ஒதுக்கியிருந்தார்கள். நீராவியோடு கூடவே வரும் ஒரு வாயுதான் அந்த முட்டை நாற்றம்.

நான் அங்கே மெக்கானிக்குக்கு ஒரு படி கீழே. வால்வு இறுக்குவது, கேஸ்கெட் மாற்றுவது, பம்ப் கழுவுவது. ஊரில் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்து, சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். மனைவியின் அண்ணன் அமெரிக்கப் பிரஜை ஆனதும் தங்கைக்கு மனுப் போட்டார். தங்கையைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் வந்து சேர்ந்தேன்.

மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பி.இ., அதற்கு மேல் இங்கே வந்து எம்.எஸ். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் பெரிய பதவி. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. விசேஷங்களில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த நேர்ந்தால், “மாப்ளே எனர்ஜி ஃபீல்டுல இருக்கார்” என்று சொல்லிவிட்டு, எதிராளி அடுத்த கேள்வி கேட்பதற்குள் வானிலைக்குப் போய்விடுவார். நான் பைப் ரெஞ்சு பிடிப்பவன் என்று டாக்டர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் அவர்களுக்குச் சாம்பார் இறங்காது என்று நினைத்தார் போலும்.

எண்பதுகளின் பின்பாதியில் மலைமேல் நீராவியின் அழுத்தம் குறைய ஆரம்பித்தது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரே இளநீரில் இருபது பேர் ஸ்ட்ரா போட்டால் என்ன ஆகும்? நாங்களும் பக்கத்து மலைக்காரர்களும் போட்டி போட்டுக் கிணறு தோண்டியிருந்தோம். உறிஞ்சிய ஆவியில் முக்கால்வாசி குளிர்விக்கும் கோபுரங்கள் வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. திரும்பப் பூமிக்குள் விட்ட தண்ணீர் கொஞ்சம்தான். இதைத் துடைப்பம் பிடிப்பவனும் சொல்லுவான். ஆனால் துடைப்பம் பிடிப்பவனைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு மானேஜர்கள் எதற்கு?

ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு மானேஜர் பேசினார். எங்கள் யூனிட் இன்னும் கூடுதலாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வருடக் கடைசியில் ஆட்குறைப்பு. கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் போவான். கடைசியாகச் சேர்ந்தவன் நான். அவர் பேசி முடிக்கும்வரை எல்லோரும் மானேஜரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மச்சான் காதுக்கு அது போய்விட்டது. என் மனைவி சொல்லியிருப்பாள். அவர் தீர்வோடு வந்தார்.

“கவலையே படாதீங்க மாப்ளே. டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கத்துல, என் ஃப்ரெண்ட் ஒருத்தன் மோட்டல் வாங்கியிருக்கான். ஃப்ரண்ட் டெஸ்க்ல நம்பிக்கையான ஆள் வேணுமாம். ரூம் ஃப்ரீ. நீங்க மட்டும் போங்க. தங்கச்சியும் பசங்களும் இங்கேயே என் கண் முன்னால இருக்கட்டும்.”

“பசங்களை விட்டுட்டா?”

“வருஷத்துக்கு ரெண்டு தடவை ஃப்ளைட் பிடிச்சு வந்து பாத்துட்டுப் போங்களேன். என்ன இப்போ?”

அந்த வாரம் முழுக்க நீராவிக் குழாய்களுக்கு நடுவில் நின்று, முருகா, என்னை என் பிள்ளைகளிடமிருந்து பிரித்துவிடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

முருகன் என்ன செய்தான்? கன்சல்டன்ட்களை அனுப்பினான். யூனிட்டின் உற்பத்தியை எப்படிக் கூட்டலாம் என்று ஆராய நாலு பேர் வந்தார்கள். புது வெள்ளை ஹெல்மெட், கீறல் விழாத ஷூ. நாலாவது ஆள் என் மச்சான்.

டர்பைன் ஹாலில் எனக்கு மூன்றடி தூரத்தில் வந்தார். நான் சிரித்தேன். அவர் எனக்குப் பின்னால் இருந்த சுவரை உற்றுப் பார்த்துவிட்டு நடந்தார். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமே கிடையாது, பெயின்ட்தான்.

சனிக்கிழமை அவர் வீட்டில் கேட்டேன்.

“என்ன மச்சான், என்னைத் தெரியாத மாதிரியே போயிட்டீங்க?”

“கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் மாப்ளே. உங்களுக்குப் புரியாது. அங்க நாம ரிலேட்டிவ்ஸ்னு யாருக்கும் தெரியக் கூடாது. ப்ரொஃபஷனல் எதிக்ஸ்.”

ஆறு வாரம் ஆராய்ச்சி நடந்தது. மானேஜரிடம் பேசினார்கள், உதவி மானேஜரிடம் பேசினார்கள், கணக்கு எழுதும் அம்மாளிடம்கூடப் பேசினார்கள். ஸ்பானர் பிடித்த ஒருவனிடமும் பேசவில்லை. கடைசியில் அவர்கள் கண்டுபிடித்தது: இன்னும் மூன்று கிணறு தோண்டுங்கள், ஆட்களைக் குறையுங்கள். இளநீரில் இருபது ஸ்ட்ரா போதாது, இருபத்து மூன்று போடு என்பதற்குக் கலர் கலராகப் படம் வேறு வரைந்திருந்தார்கள்.

உண்மையில் எங்கள் யூனிட்டுக்கு வேறு ஒரு நோய் இருந்தது. டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவி அடியில் இருக்கும் கண்டென்சர் என்ற பெரிய தொட்டிக்குள் குளிர்ந்து தண்ணீராகும். அந்தத் தொட்டிக்குள் காற்றே இருக்கக் கூடாது; எவ்வளவுக்கு வெறுமையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு டர்பைன் சுலபமாகச் சுற்றும், கரண்ட் கூடும். உள்ளே சேரும் வாயுவை இழுத்து வெளியே தள்ள எஜெக்டர் என்று ஒரு கருவி உண்டு. அதுவும் நீராவியில் ஓடுவதுதான். எங்கள் யூனிட்டில் அது இரண்டு; முன்பெல்லாம் ஒன்று ஓடினால் போதும். ஒரு வருடமாக இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன, டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவியைத் தின்றுகொண்டு. எங்கிருந்தோ காற்று உள்ளே புகுகிறது என்று எனக்குச் சந்தேகம். எங்கள் சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் கொப்பரையும் இப்படிக் காற்றில்லாமல் வேலை செய்வதுதான். ஒரு சின்ன ஓட்டை போதும், அன்றைய சர்க்கரை போச்சு. ஆனால் இரண்டு மாடி உயரத் தொட்டியில், டர்பைன் போடும் சத்தத்தில், ஓட்டையை எங்கே போய்த் தேடுவது? ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் டெக்சாஸ்காரர், எண்ணெய்க் கிணறுகளில் வளர்ந்தவர், ஆள் ஒரு கதவு அகலம். அவர் பேசிய இங்கிலீஷை என் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“இருக்கலாம்ப்பா. ஆனா அதைப் பாக்கத்தானே வெள்ளை ஹெல்மெட்டுங்க வந்திருக்காங்க. நீயும் நானும் யாரு?”

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

ஃப்ரீமான்ட்டில் பண்டிகைகளையெல்லாம் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிடுவார்கள். சரஸ்வதியே வீக்எண்ட் வரைக்கும் காத்திருந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போவாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கருவிக்குப் பூஜை, கருவி இருக்கிற இடத்தில், அதற்குரிய நாளில்தான். மோவ்ரி அவென்யூ கடையில் பொரியும் ஊதுபத்தியும் வாங்கிக் கொண்டுபோனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் டூல் பாக்ஸைத் துடைத்து, ரெஞ்சுகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துக் கண்டென்சருக்கு அடியில், கிழக்குப் பக்க மூலையில் வைத்தேன். பொரியைப் படைத்தேன். ஊதுபத்தி ஏற்றினேன்.

இங்கேதான் என் புத்தியைச் சொல்ல வேண்டும். என் தலைக்கு நேர் மேலே, ஒரு ஆள் நீளத்துக்கு, சிவப்பு எழுத்தில் போர்டு: நெருப்பு கூடாது. தினமும் பார்க்கிற போர்டு. எரியக்கூடிய வாயு வரும் இடம் அது. ஆனால் என் மனசில் சிகரெட் நெருப்பு, வெல்டிங் நெருப்பு. சாமிக்கு ஏற்றுவது நெருப்பில்லை. நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஊதுபத்திப் புகை மேலே போகவில்லை.

ஓரடி எழும்பியது, சட்டென்று படுத்தது, கயிறு கட்டி இழுத்தாற்போல நேராகப் பக்கவாட்டில் ஓடியது. தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்குக் கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு மூடி உண்டு. கிழக்கு மூடியின் கீழ் விளிம்புக்குள் போய் மறைந்தது. கையை நகர்த்தினேன், புகையும் நகர்ந்து மறுபடி அதே இடத்துக்குள் போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்டென்சர் என் பூஜையை ஏற்றுக்கொண்டது என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டேன். கும்பிட்ட கையைக் கீழே இறக்குவதற்குள் சர்க்கரை ஆலை நினைவு வந்துவிட்டது. அட, ஓட்டை!

அடுத்த நிமிடம்தான் போர்டைப் பார்த்தேன். ஊதுபத்தியைப் பிளாஸ்கில் இருந்த காபியில் முக்கி அணைத்தேன். கண்டுபிடித்ததைச் சொன்னால் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் வருடக் கடைசிவரை காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் டல்லாஸ் மோட்டல்.

சனிக்கிழமை, மச்சான் வீட்டுக் கொலுவுக்கு முன்னால், சுண்டல் கிண்ணத்தோடு அவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கண் இரண்டும் விரிந்தது.

“ஃபயரா? அங்கயா? உங்களுக்கு மூளை இருக்கா மாப்ளே? ஆன் த ஸ்பாட் ஃபயர் பண்ணிடுவான்!”

“தெரியுது மச்சான். அதான் உங்ககிட்ட...”

“யார்கிட்டயும் வாயே திறக்காதீங்க. ஸ்மோக் டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. நெருப்பே வேண்டாம், சின்ன டியூப்ல புகை வரும். நான் பண்ணறேன். நான் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும். உங்க வேலையும் நிக்கும்.”

என் மனைவி அவரைக் கும்பிடாத குறை. “பாத்தீங்களா, அண்ணன் எவ்வளவு பெரிய மனசு!” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊதுபத்தி என்னுடையது, பேர் அவருக்கு. போகட்டும். பிள்ளைகளோடு இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை வந்தார். மானேஜர், உதவி மானேஜர், ஃபோர்மேன், பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் கண்டென்சர் முன்னால் கூட்டி நிறுத்திவைத்துக்கொண்டு, கையில் கண்ணாடி டியூபோடு, காற்று புகுவதைக் கண்டறியும் நவீன முறை பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நான் பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நேராக மேற்குப் பக்க மூடிக்குப் போனார்.

கிழக்கு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கொலுப் பொம்மை எது எந்தப் படி என்று அத்தனையும் நினைவு வைத்திருக்கிற மனுஷன்! டியூபை அமுக்கினார். புகை நேரே மேலே போனது, கோயில் தூபம் மாதிரி. மறுபடி அமுக்கினார். அழகாக மேலே போனது. மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கிழக்குப் பக்கமும் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் தேடுகிற ஆளாகத் தெரிய அவருக்குப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து நின்று, “கண்டென்சர் டைட்டாக இருக்கிறது, சந்தேகம் தீர்ந்தது. கிணறுகள்தான் வழி” என்றார் இங்கிலீஷில். பாதுகாப்பு அதிகாரி அதை நோட்டில் எழுதினார். எல்லோரும் கிளம்பத் திரும்பினார்கள்.

என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்முன் வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“மச்சான்! அந்தப் பக்கம் இல்ல! கிழக்கால!”

டர்பைன் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கிறது. எல்லோரும் நின்றார்கள். மச்சானின் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். “நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அறிவீர்களா?” என்று மானேஜர் கேட்டார். மச்சான் வானிலைக்குப் போக முயன்றார். கூரைக்கு அடியில் நின்றுகொண்டு வானிலை பேச முடியவில்லை.

“என் மனைவியின் அண்ணன்” என்றேன், எனக்கு வந்த இங்கிலீஷில்.

“கிழக்குப் பக்கம் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

அங்கே ஒரு பொய் போதும். காதால் கேட்டேன், கையால் தடவினேன், எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மச்சான் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் எந்தச் சாமிக்குப் படைத்தேனோ அந்தச் சாமி முன்னால் கண்டதை எப்படி மாற்றிச் சொல்வது? சொன்னேன். டூல் பாக்ஸ், குங்குமம், பொரி, ஊதுபத்தி எல்லாவற்றையும்.

பாதுகாப்பு அதிகாரிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. “நெருப்பா? இங்கேயா?” என்று மூன்று தடவை கேட்டார்.

ஃபோர்மேன் முன்னால் வந்தார். மச்சான் கையிலிருந்த டியூபை வாங்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் நடந்தார். அமுக்கினார். புகை ஓரடி எழும்பியது, படுத்தது, மூடி விளிம்புக்குள் ஓடி மறைந்தது.

“அம்மாடியோவ்” என்றார். அதாவது அவர் மொழியில் அதற்குச் சமமான ஒன்றை. அதை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஷட்டவுனில் அந்த மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினோம். பழையது ஒரு பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கி வந்தது. யூனிட் திரும்ப ஓட ஆரம்பித்ததும் இரண்டாவது எஜெக்டரை நிறுத்தினார்கள். அது தின்ற நீராவி டர்பைனுக்குப் போனது, கண்டென்சரும் வெறுமையானது, மானேஜர் கேட்ட கரண்ட் ஒரு கிணறும் தோண்டாமல் வந்தது.

எனக்கு இரண்டு வாரம் வீட்டில் இரு என்று கடிதம் வந்தது. அதன் பிறகு பாதுகாப்பு வகுப்பு, மூன்று நாள், நான் ஒருவனே மாணவன். அதில் அந்த அதிகாரி ஒரு படம் போட்டுக் காட்டினார். மூலையில் வாயு தேங்கி நின்றால் ஒரு பொறி என்ன செய்யும் என்று. தினமும் என்னோடு சாப்பாட்டு மேஜையில் உட்காரும் ஏழு பேரும் அன்று அந்தக் கட்டடத்தில் இருந்தார்கள். ஓட்டையைக் காட்டியதற்காக அதுவரை முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தவன், அந்த ராத்திரி முதல் வேறொன்றுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். இன்றும் சொல்கிறேன்.

மச்சானின் ரிப்போர்ட் கெட்டி அட்டை போட்டு வந்தது. கன்சல்டன்ட் குழு நடத்திய புகைச் சோதனையில் கசிவு கண்டறியப்பட்டது என்று அதில் எழுதியிருந்தார்கள். கூடவே, மூன்று கிணறு தோண்டவும் என்ற பழைய பரிந்துரையும் அப்படியே இருந்தது. தோண்டினார்கள். அழுத்தம் இன்னும் வேகமாகக் குறைந்தது. அது ஏன் குறைகிறது என்று ஆராய அதே கம்பெனியையே கூப்பிட்டார்கள்.

மச்சான் என்னோடு ஐந்து மாதம் பேசவில்லை. நெருப்பு ஏற்றியதற்காக இல்லை, சோதனையைக் கெடுத்ததற்காகவும் இல்லை. மனைவியிடம் சொன்னாராம்: “வெள்ளைக்காரன் முன்னால என்னை மச்சான்னு கூப்பிட்டுட்டாரு.”

வருடக் கடைசியில் நோட்டீஸ் பலகையில் யார் பேரும் வரவில்லை. நான் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். டல்லாஸுக்கு வேறு யாரோ ஒரு நம்பிக்கையான ஆள் போனார்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை மறுபடி வேலைநாளில் வந்தது. ஏற்ற வேண்டாம், மனசுக்குள் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். முந்தின நாள் ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபாரத்தை நீட்டினார். வெல்டிங் மாதிரி நெருப்பு வேலைக்கு அனுமதி வாங்குகிற ஃபாரம்.

“இதுல எழுது. வொர்க் ஷாப்புக்கு வெளியில, கார் நிறுத்தற இடத்துல. வாயு மீட்டர் வெச்சுப் பாப்போம். எழுதாம எங்கயாவது ஏத்தினேன்னா நானே உன்னை மலைக்குக் கீழ உருட்டிவிடுவேன்.”

எழுதினேன். வேலையின் விவரம்: கருவிகளுக்கு வழிபாடு. எரியும் பொருள்: ஊதுபத்தி, இரண்டு. எடுத்துக்கொள்ளும் நேரம்: பத்து நிமிடம். ஆபத்து என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். “சாம்பல்” என்று எழுதினேன். தீக்காவலர் என்ற கட்டத்தில் ஃபோர்மேன் தன் கையெழுத்தைப் போட்டார். மானேஜரும் போட்டார், என்ன ஏது என்று படிக்காமலே.

மறுநாள் வெயிலில் டூல் பாக்ஸை வைத்து ஊதுபத்தி ஏற்றினேன். ஃபோர்மேன் தீயணைப்பு சிலிண்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, விதிப்படி, கண் கொட்டாமல் காவல் நின்றார். நடுவில் என் ரெஞ்சுகளைப் பார்த்தார், உள்ளே போய்த் தன் டூல் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். “சும்மா இருக்கட்டும்” என்றார். நான் அதற்கும் குங்குமம் வைத்தேன். பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, இதில் உப்பே இல்லையே என்றார்.